மெக்ளேன் யாரைக் காப்பாற்றப் போனார்?

வணக்கம் சார்,

தொடர் படங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'டை ஹார்ட்' ஐந்தாம் பாகத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. "நான்காவதோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். நான் நிறுத்தவில்லை. ப்ளஸ் டூ முடித்த என் பையனோடு மே லீவில் உட்கார்ந்து பார்த்தேன். ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸில் இங்கிலீஷ் படம் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிப் போன ஆள் நான். அந்தத் தொடரில் புரூஸ் வில்லிஸ் நடித்த போலீஸ்காரர் ஜான் மெக்ளேனைப் பற்றி அவனிடம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். பாதிப் படத்தில் அவன் போனை எடுத்துவிட்டான். "இவரையாப்பா சொன்னீங்க?" என்று கேட்டான்.

நான் கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன். மகனைத் தேடி மாஸ்கோ போன மெக்ளேன், அங்கே நடக்கும் சேஸிங்கில் மற்ற கார்களின் மேலேயே வண்டியை ஏற்றி ஓட்டுகிறார். உள்ளே ஆள் இருக்குமே என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. பழைய பாகங்களில் எனக்கு இப்படித் தோன்றியதே இல்லை. நடிகருக்கு வயதாகிவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வயதுமில்லை, அவர் வயதுமில்லை. "உள்ளே ஆள் இருக்குமே" என்று எழுதியிருக்கிறீர்களே, படத்தின் கோளாறு முழுக்க அங்கேதான் இருக்கிறது. நானும் குன்னூர்க்காரன்தான். மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்கும். போலீஸ் நிற்கிறாரா என்று பார்த்து யாரும் இதைச் செய்வதில்லை. எதிரே வருவது ஆள் உள்ள வண்டி என்ற நினைப்பு கையிலேயே ஊறியிருக்கிறது. அந்த நினைப்பு மெக்ளேனுக்கும் இருந்தது. ஐந்தாம் பாகத்தில் அதைத்தான் காணோம்.

அதே சேஸிங்கில் இன்னொரு இடம் வரும். ஓடுகிற வண்டிக்கு முன்னால் மெக்ளேன் போய் விழுவார். ஓட்டி வந்தவர் இறங்கி ரஷ்ய மொழியில் கத்துவார். மெக்ளேன் அவர் முகத்தில் ஒரு குத்து விட்டு, நீ பேசுறது எனக்குப் புரியும்னு நினைச்சியா என்று கேட்டுவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாம் சிரிப்போம் என்று எதிர்பார்த்து எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே மனசு விட்டுப்போனது. அடி வாங்கியவர் தன் பாட்டுக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர்.

1988இல் வந்த முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கட்டிடம். படத்தை எடுத்த ஃபாக்ஸ் ஸ்டுடியோ தனக்காகக் கட்டிக்கொண்டிருந்த கட்டிடம்தான் அது. வேலை முடியாத மாடிகளிலேயே படம் பிடித்தார்கள். உள்ளே பணயக்கைதிகள், வெறுங்காலோடு ஒரு போலீஸ்காரன். கட்டிடத்தைப் பிடித்த கும்பல் கம்பெனித் தலைவர் தாகாகியைக் கண்ணெதிரே சுட்டுக் கொல்லும்போது மெக்ளேன் ஒளிந்திருந்து பார்க்கிறார். அப்புறம் தனியாக நின்று, நீ ஏன் தடுக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறார். தடுத்திருந்தால் நீயும் செத்திருப்பாய் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்கிறார். அவர் செய்கிற முதல் வீரச் செயல் ஃபயர் அலாரத்தை இழுப்பதுதான். எப்படியாவது வெளியிலிருந்து உதவி வரட்டும் என்று தவிக்கிற ஆள். கடைசியில் மொட்டை மாடியில் வெடிகுண்டு இருப்பது தெரிந்து, அங்கே நிற்கிறவர்களைக் கீழே விரட்ட வானத்தை நோக்கிச் சுடுகிறார். ஹெலிகாப்டரில் வந்த எஃப்.பி.ஐ. ஆட்கள் அவரையே தீவிரவாதி என்று நினைத்துச் சுடுகிறார்கள். காலில் கண்ணாடி குத்திய காட்சியை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கால்களோடு அவர் யாருக்காக மாடி ஏறினார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாம் பாகத்தில் (1990) அவர் தோற்கிறார். வில்லன்கள் ஒரு விமானத்தை ஏமாற்றித் தரையில் மோத விடுகிறார்கள். மெக்ளேன் தீப்பந்தங்களை வீசிக்கொண்டு ஓடுபாதையில் ஓடுகிறார், பலிக்கவில்லை. அத்தனை பேரும் சாகிறார்கள், அவர் உட்கார்ந்து அழுகிறார். ஆக்‌ஷன் படத்தில் ஹீரோவை இப்படி அழவிட ஒரு துணிச்சல் வேண்டும். நான்காவதில் (2007) மேம்பாலத்தில் போர் விமானத்தோடு சண்டை போடுவது எனக்கும் அதிகப்படிதான். ஆனால் கூட வரும் பையனிடம், இதைச் செய்ய வேறு யாராவது இருந்தால் அவர்களிடமே விட்டுவிடுவேன் என்று மெக்ளேன் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறதே, அதற்காக மொத்தப் படத்தையும் மன்னித்துவிட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. முதல் இரண்டு பாகங்களும் வேறு வேறு நாவல்களிலிருந்து வந்தவை. மூன்றாவது, இந்தத் தொடருக்குச் சம்பந்தமில்லாமல் எழுதப்பட்ட திரைக்கதை. நான்காவதற்கு மூலம் ஒரு பத்திரிகைக் கட்டுரை. நான்கிலும் மெக்ளேன் வருவதற்கு முன்பே கதைக்குள் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கென்று ஆபத்தும் இருந்தது. இவர் இடையில் வந்து மாட்டிக்கொண்டவர். ஐந்தாவதுதான் மெக்ளேனுக்கென்றே முதலிலிருந்து எழுதிய கதை. அதனால் அவரையும் மகனையும் விட்டால் அங்கே யாருமே இல்லை. மாஸ்கோ ஊரே இடித்துத் தள்ளுவதற்காக நிற்பதுபோல் இருக்கிறது.

க்ளைமாக்ஸ் செர்னோபிலில். 1986இல் அங்கே நடந்த அணு உலை விபத்துக்குப் பிறகு பக்கத்திலிருந்த பிரிப்பியாத் நகரத்தையே காலி செய்தார்கள். வீட்டை விட்டுப் போனவர்கள் திரும்பவே இல்லை. அப்பேர்ப்பட்ட இடத்தில் ஏதோ வாயுவைப் பீய்ச்சிக் கதிர்வீச்சைப் போக்கிவிட்டு, இரண்டு தரப்பும் சுட்டுக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

வயது பற்றிக் கேட்டீர்கள். படம் வந்த 2013இல் புரூஸ் வில்லிஸுக்கு 57. அதை வைத்தே நல்ல படம் எடுத்திருக்கலாம். மூன்றாம் பாகத்தில் நாற்பது வயதிலேயே தலைவலியோடு ஆஸ்பிரின் தேடி அலைந்தவர் அவர். இதில் மாடியிலிருந்து விழுந்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு நடக்கிறார். வயதான உடம்பைக் காட்டக் கூச்சப்பட்டதுதான் தப்பு.

இத்தனைக்கும் படம் உலகம் முழுக்க 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆறாம் பாகம் பற்றிய பேச்சும் இருந்தது. ஆனால் பேச்சுத்திறனைப் பாதிக்கும் நோயால் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுவதாக 2022இல் குடும்பத்தார் அறிவித்தார்கள். மறு வருடம் அது ஒருவகை மறதிநோய் என்று தெரிந்தது. ஆக, மெக்ளேனின் கடைசிப் படம் இதுவாகவே நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய நடிகரை இதோடு வழியனுப்பியதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். ரத்தமும் கெட்ட வார்த்தையும் நிறைய உண்டு, ஆனால் ப்ளஸ் டூ முடித்தவன்தானே. ஆரம்பத்தில் பார்ட்டியும் பேச்சுமாகப் போகும், அவன் போனை எடுத்தாலும் எடுப்பான். ஒன்றும் சொல்லாதீர்கள். தாகாகி சாகிற காட்சிக்கு அப்புறமும் எடுத்தால், காரணத்தை அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். நேராக அவனுக்கே பதில் போடுகிறேன்.

அன்புடன்.