கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனம் என்று சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்வது ஏன்? கடவுளிடமே நேராகச் சொன்னால் ஆகாதா? சாமியார் அதை வெளியே சொல்லிவிட்டால்? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்திருப்பீர்கள், அல்லது எடுக்கப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அவர்கள் பாவம் சொல்லக் கோயிலில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். உங்களையும் அந்த வரிசையில் நிற்கச் சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்களுக்கு இந்த அருட்சாதனமே, அதாவது இந்தப் புனிதச் சடங்கே கிடையாது.

நான் இறையியல் படித்தவன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆனால் "பாவத்தைப் பண்ணு, சாமியார் காதில் போடு, கணக்கு நேர்" என்று யாராவது கிண்டலடித்தால் எனக்குச் சுருக்கென்று வரும். காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த கையோடு எங்கள் பங்குத்தந்தை, அதாவது எங்கள் கோயில் சாமியார், கடைக்கு வந்தார். கோயில் வேலைக்குப் பெயின்ட் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அங்கிப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். "இது உங்களுக்குச் சேர வேண்டியது. ஒருத்தர் கொடுக்கச் சொன்னார். யாரு, எதுக்குன்னு கேக்காதீங்க."

உள்ளே ஐநூறும் நூறும் பத்துமாகப் பணம். சுற்றியிருந்த ரப்பர் பேண்டு இளகி ஒட்டிப்போயிருந்தது. கழற்றும்போது மேல் தாளும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. ரொம்ப நாளாகச் சேர்த்த பணம். கடையில் களவெடுத்த யாரோ பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார் என்று புரிந்தது.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது பழைய வேலையாள் ஒருவன். என் மனைவிக்கு வேறொருவன் மேல் சந்தேகம். பெயரைச் சொல்லியே, "அவன்தானே ஃபாதர்?" என்று கேட்டுவிட்டாள். ஃபாதர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "இல்லை" என்றும் சொல்லவில்லை. சொன்னால் சந்தேகம் அடுத்தவன் பக்கம் திரும்பிவிடுமே! "டீ இருந்தா குடுங்க" என்றார். குடித்தார், போய்விட்டார். யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இது அவருடைய தனிப்பட்ட பெருந்தன்மை அல்ல. சொல்லாலோ சாடையாலோ, எந்தக் காரணத்துக்காகவும் பாவம் சொன்னவரைக் குரு காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு. கேட்டதை மனதில் வைத்து அந்த ஆளுக்குப் பாதகமாக எதுவும் செய்யக்கூடாது என்கிறது அடுத்த பிரிவு. நேரடியாக வெளியிட்ட குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்குத்தான். பணம் என் கல்லாவுக்கு வந்தது கூட, கொடுத்தவர் சம்மதித்ததால்தான் நடந்திருக்கும்.

உடனே யாராவது, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்துக் குருக்கள் ஒரு பெண்ணை மிரட்டியதாக 2018இல் கேரளாவில் வந்த செய்தியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் புகார் எழுந்தது ஆர்த்தடாக்ஸ் சபைக் குருக்கள் மீது, கத்தோலிக்கக் குருக்கள் மீதல்ல. அதற்காக எங்களிடம் எல்லாச் சாமியாரும் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

கடவுளிடம் நேராகக் கேட்பதில்லையா? தினமும்தான் கேட்கிறோம். அற்பப் பாவங்களுக்கு அதுவே போதும். சாவான பாவம், அதாவது தெரிந்தே செய்த கனத்த பாவம் என்றால்தான் குருவிடம் போயே ஆக வேண்டும். உயிர்த்த இயேசு சீடர்களுக்குப் பாவம் மன்னிக்கும் அதிகாரம் கொடுத்ததாக யோவான் 20ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அதுதான் அடிப்படை. வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்று 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் சங்கம் (ஆயர்களின் பேரவை) விதித்தது. சாமியார்களும் இன்னொரு சாமியாரிடம் போகிறார்கள். 2014இல் போப் பிரான்சிஸ் எல்லாரும் பார்க்க ஒரு குருவின் முன் முழந்தாளிட்டார்.

சின்ன வயதில் உபதேசியார் எங்களை ஐந்து காரியம் ஒப்பிக்க வைப்பார்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்யமாட்டேன் என்று பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தை, அதாவது ஜெபம், தவம் போன்றவற்றைத் தீர்ப்பது. கிண்டலடிப்பவர்களுக்கு நாலாவது மட்டும்தான் கண்ணில் படுகிறது. களவு என்றால் மூன்று அருள்நிறை மந்திரம் (மாதா ஜெபம்) சொல்லிவிட்டு நழுவ முடியாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதற்கு அந்தக் கவரே எனக்குச் சாட்சி.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்கும் விழா) என்றால் மண்டபம், ஃபிளெக்ஸ், பிரியாணி. அதற்கு முன் அந்தப் பிள்ளை செய்யும் முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சில்லை. போன வருடம் ஒரு போட்டோக்காரர், குருவுக்கும் பாவம் சொல்பவருக்கும் நடுவில் இருக்கும் சல்லடைத் தட்டிக்கு முன்னால் ஒரு சிறுமியை முட்டுப்போட வைத்து, "பாப்பா, கொஞ்சம் சிரி" என்கிறார். உள்ளே ஃபாதரே இல்லை. ஆல்பத்துக்காம்!