ஆர்டர் ஒருவருக்கு, முகவரி வேறொருவருக்கு: சோதனைத் தரவுகளை இணைப்பது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: ஆர்டர் தரவில் வாடிக்கையாளர் ஐடி 7 என்று எழுதியிருந்தேன். என் கணினியில் டெஸ்ட் தேறுகிறது, சர்வரில் தோற்கிறது. ஏன்?

அந்த 7 உங்கள் கணினிக்கு மட்டுமே தெரிந்த 7. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ரோல்பேக் செய்தாலும் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெற்றாலும்), ஐடி எண்களை வரிசையாக வழங்கும் சீக்வென்ஸ் பின்னால் போகாது. இன்று 7 என்று பதிவானவர் நாளை 12 ஆகிவிடுவார். ஐடியைக் கையால் எழுதாதீர்கள். ரெயில்ஸில், சோதனைத் தரவை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஃபிக்ஸ்சர் கோப்பில் வாடிக்கையாளருக்கு ‘மீனா’ என்று பெயரிட்டு, ஆர்டரில் அந்தப் பெயரையே குறிப்பிடலாம். பெயரிலிருந்தே ஐடி கணக்கிடப்படுவதால் எந்தக் கணினியிலும் அதே எண்தான் வரும். ஜாங்கோவில் இதற்கு நேச்சுரல் கீ இருக்கிறது: ஐடிக்குப் பதில் பெயர் போன்ற ஒரு மதிப்பால் பதிவைச் சுட்டலாம்.

கேள்வி: டெஸ்டுக்குத் தேவையான பதிவுகளை அவ்வப்போது உருவாக்கித் தரும் ஃபேக்டரிக்கு மாறிவிட்டோம். இப்போது “இந்த முகவரி உங்களுடையது அல்ல” என்று செயலியே ஆர்டரை மறுக்கிறது. செயலியில் பிழையா?

செயலி சரியாகத்தான் சொல்கிறது. ஆர்டர் ஃபேக்டரி தனக்கென ஒரு வாடிக்கையாளரை உருவாக்கியது. முகவரி ஃபேக்டரியும் தன் பங்குக்கு இன்னொருவரை உருவாக்கியது. இரண்டு ஃபாரின் கீயும் (வேறு டேபிளின் பதிவைச் சுட்டும் ஐடி) செல்லுபடியானவை என்பதால் டேட்டாபேஸ் வாய் திறக்காது. நானும் இதில் அரை நாளைத் தொலைத்தவன். வாடிக்கையாளர் டேபிளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில் இருவர்!

முதலில் வாடிக்கையாளரை உருவாக்கி, முகவரிக்கும் ஆர்டருக்கும் அவரையே கொடுங்கள். ஒவ்வொரு டெஸ்டிலும் எழுத அலுப்பாக இருந்தால், பைத்தானின் ஃபேக்டரி பாய் நூலகத்தில் செல்ஃப் ஆட்ரிபியூட் இருக்கிறது. ஆர்டருக்குள் பிறக்கும் முகவரி, ஆர்டரின் வாடிக்கையாளரையே எடுத்துக்கொள்ளும்படி அதில் சொல்லிவிடலாம். இந்த ஒரு வரியை ஃபேக்டரியிலேயே எழுதிவைப்பதுதான் என் வழக்கம்.

கேள்வி: ஜாங்கோ டெஸ்டில் வாடிக்கையாளரைச் சேர்க்கிறேன். செலினியம் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) திறக்கும் பிரவுசரில் அவரைக் காணோம்.

சாதாரண டெஸ்ட்கேஸ் எல்லாவற்றையும் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருந்து, முடிவில் ரோல்பேக் செய்யும். கமிட் ஆகாததை, அதாவது நிரந்தரமாகச் சேமிக்கப்படாததை, வேறு இணைப்பில் இருக்கும் சர்வரால் பார்க்க முடியாது. தரவைக் கமிட் செய்யும் லைவ் சர்வர் டெஸ்ட்கேஸுக்கு மாறுங்கள். மெதுவாகத்தான் ஓடும்.

கேள்வி: துறைக்குத் தலைவர் கட்டாயம், தலைவருக்குத் துறை கட்டாயம். எதை முதலில் சேர்ப்பது?

போஸ்ட்கிரெஸ் என்றால், ஒரு ஃபாரின் கீயை டிஃபரபிள் என்று அறிவித்து, சரிபார்ப்பைக் கமிட் வரை தள்ளிவைக்கலாம். ஆனால் தலைவரே இல்லாத புதிய துறை நிஜத்தில் உண்டுதானே? அப்படியானால் துறை டேபிளின் தலைவர் நெடுவரிசையில் (column) NULL, அதாவது வெற்று மதிப்பை, அனுமதியுங்கள். இங்கே திருத்த வேண்டியது டெஸ்டை அல்ல, டேபிளை.