பாட்டியின் தெலுங்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் சூளகிரிக்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம் ஆகிறது. அவள் அறிவு வளர்ச்சிக்கு என்ன விளையாட்டுச் சாமான் வாங்குவது என்று தெரியாமல் நானும் மனைவியும் குழம்பிப் போயிருக்கிறோம். பட்டனை அமுக்கினால் ஏபிசி பாடுகிற போர்டு ஒன்று வாங்கினோம். படம் போட்ட அட்டைகள் ஒரு பெட்டி வாங்கினோம். அவளோ சமையலறையில் புகுந்து மூடியையும் படியையும்தான் எடுத்து உருட்டுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் இதே வயதில் மிருகங்களின் பெயரையெல்லாம் இங்கிலீஷில் சொல்கிறான். இவள் பேசுவது பத்து பன்னிரண்டு வார்த்தை, அதிலும் பாதி தெலுங்கு. என் அம்மா வீட்டில் தெலுங்குதான் பேசுவார். மொழி கலந்தால் குழந்தை குழம்பிவிடும், பேச்சு தாமதமாகும் என்று பலரும் சொன்னதால், பாப்பாவிடம் தெலுங்கில் பேச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டோம்.

மரப் பொம்மை நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா? எந்த வயதுக்கு எது என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும்.

ம.
சூளகிரி

அன்புள்ள ம.,

நீங்கள் கேட்டது பொம்மையைப் பற்றி. நான் திரும்பத் திரும்பப் படித்தது, நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த வரியை. ‘அம்மாவிடம் சொல்லிவிட்டோம்.’ அதற்கு அம்மா என்ன சொன்னார் என்று எழுதவில்லை. அனேகமாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். படித்த பிள்ளைகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்து உள்ளே போயிருப்பார்.

கொஞ்ச நாளாகவே இந்த விஷயம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. பாலக்கோட்டில் உறவுக்காரர் வீட்டில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். வந்த பரிசுகளில் பாதிக்கு மேல் பேட்டரி போட்டவை. ஒரு பக்கம் நாய் குரைக்கிறது, ஒரு பக்கம் ரயில் கூவுகிறது, ஒரு பெட்டி அமெரிக்க உச்சரிப்பில் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கொள்ளுப்பாட்டி ஓரமாக உட்கார்ந்து குழந்தையிடம் எதையோ கேட்டார். அந்த இரைச்சலில் அது போய்ச் சேரவில்லை. மறுபடி கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். பொம்மைகளை வாங்கி வந்தவர்கள் எல்லாருமே அந்தக் குழந்தைமேல் உயிரை வைத்திருப்பவர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மரமா பிளாஸ்டிக்கா என்பது பெரிய கேள்வி இல்லை. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதைப் பார்த்து வாங்குங்கள். கர்நாடகத்தில் இருக்கிற சென்னபட்டணத்து அரக்குப் பூச்சு மரச் சாமான் உங்கள் பக்கத்துக்குக் கிட்டத்தில் கிடைக்கும், கைக்கு நன்றாக இருக்கும். அந்தப் பட அட்டைகளைப் பெட்டியோடு பரண்மேல் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், முக்கியமாக மகள் காதில் விழும்படி.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூன்று வயது வரை, வாய்க்குள் முழுசாகப் போகிற எதுவும் கைக்கு எட்டக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்கிற குழாயின் அகலம் 31.7 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் அடங்கிவிடுகிற சாமான் இந்த வயதுக்கு ஆகாது. கோலிக்குண்டு, காந்தம், புளியங்கொட்டை எல்லாம் இதில் சேர்த்தி. உங்கள் பாட்டுப் போர்டில் பொத்தான் மாதிரி சின்ன பேட்டரி இருந்தால், அதன் மூடி திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தால்கூட, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்புறம் அந்தப் படி. மகள் படியை உருட்டுவதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் பழைய அளவுச் சாமான்கள் இருக்கிறதா என்று கேளுங்கள். படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதிலும் பாதி ஆழாக்கு. சின்னது பெரியதற்குள் போகும், பெரியது சின்னதற்குள் போகாது. கவிழ்த்தால் கோபுரமாக அடுக்கலாம். கேழ்வரகை அள்ளி ஊற்றினால் இரண்டு ஆழாக்கில் ஓர் உழக்கு நிறையும். ஒன்றே முக்கால் வயதில் ஒரு குழந்தை கைகளால் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. கடையில் இதைத்தான் ஸ்டாக்கிங் கப் என்று கலர் போட்டு விற்கிறார்கள். உங்கள் மகள் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறாள், அவளைத் தடுக்காமல் இருந்தால் போதும். இதோடு ஒரு பந்து, ஒரு துணிப் பொம்மை, கெட்டி அட்டையில் ஒன்றிரண்டு படப் புத்தகம், தள்ளிக்கொண்டு நடக்க ஒரு வண்டி, கொஞ்சம் மண், கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் என்றால் கூடவே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வயதுக்கு என் பட்டியல் இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பவும் வேண்டாம். அமெரிக்காவில் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. 16 பொம்மை இருந்தபோது ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவிய குழந்தைகள், 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையை வைத்துப் பல விதமாக விளையாடினார்கள்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன், தம்பி.

பலரும் சொன்னார்கள் என்கிறீர்கள். யார் அந்தப் பலர்? இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. இது பல நாடுகளில் பல வருடங்களாகப் பார்த்து உறுதியான விஷயம். அந்தக் குழந்தைகளுக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ‘அதிலும் பாதி தெலுங்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘அதிலும்’ எதற்கு? தாகம் எடுத்தால் பாட்டியிடம் ‘நீளு’ என்கிறாள், உங்களிடம் ‘தண்ணி’ என்கிறாள் என்று வையுங்கள். யாரிடம் எதைச் சொன்னால் காரியம் நடக்கும் என்பதையும் சேர்த்தல்லவா அவள் கற்றிருக்கிறாள்? ராயக்கோட்டை தக்காளி மண்டியில் போய் ஒரு காலை நேரம் நில்லுங்கள். தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் கணக்கு முடிக்கிற ஆட்களைப் பார்க்கலாம். அவர்களில் யாருக்குப் பேச்சு வராமல் போயிற்று? உங்களுக்கே தெலுங்கும் தமிழும் எந்த வயதில் வந்தன என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாமே.

2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிசியா குல் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். அவர்கள் முன்னால் சீன மொழி பேசுகிற ஒருவர் தரையில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி, பொம்மை காட்டி விளையாடினார். தடவைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 தடவை. அதன் பிறகு சோதித்தால், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள். இன்னொரு கூட்டத்துக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். மற்றொரு கூட்டத்துக்கு ஒலி மட்டும். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றும் கற்கவில்லை. கொஞ்சம் குறைவாகக் கற்றார்கள் என்றுகூட இல்லை. சீன மொழியே கேட்காத குழந்தைகள் எங்கே நின்றார்களோ அங்கேயே இவர்களும் நின்றார்கள்.

இதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்ணைப் பார்த்து, கையில் இருப்பதை வாங்கி, ‘இதேமி?’ என்று கேட்டு, குழந்தை உளறுகிற வரை காத்திருந்து, அதற்கு ஒரு பதிலும் சொல்கிற ஆள் உங்கள் வீட்டில் பகல் முழுக்க இருக்கிறார். அவர் வாயை மூடிவிட்டு, பேட்டரிக்கு வாய் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் போர்டு ஏ என்று சொல்லும், பி என்று சொல்லும். உங்கள் மகள் என்ன சொன்னாள் என்பது அதற்குத் தெரியாது. 2016இல் வட அரிசோனா பல்கலைக்கழகத்தின் அன்னா சோசா 26 குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து ஓர் ஆய்வு வெளியிட்டார். 10 முதல் 16 மாதக் குழந்தைகள். சத்தம் போடுகிற மின்னணுப் பொம்மையோடு இருந்தபோது பெற்றோர் பேசியதும் குறைவு, குழந்தைக்கு பதில் சொன்னதும் குறைவு, குழந்தை வாயிலிருந்து வந்த சத்தமும் குறைவு. சாதாரணப் பொம்மை மேல், படப் புத்தகம் அதைவிட மேல். பொம்மை பேசினால் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாலும் இதைத்தான் பாருங்கள்: இதை வைத்து விளையாடும்போது என் அம்மா பேசுவாரா, பேசாமல் உட்கார்ந்திருப்பாரா?

எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தது எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அஜ்ஜி. அம்மா காட்டு வேலைக்குப் போகும்போது அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார். மாசி, பங்குனி வந்தால் அஜ்ஜி மண்டியிலிருந்து புளி எடுத்துவந்து திண்ணையில் கொட்டிக்கொண்டு உட்காருவாள். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டிக் கொடுத்தால் எடைக்குக் கூலி. என்னை அவள் வளர்த்தது எனக்கு நினைவிருக்க வழியில்லை. பின்னால் என் தங்கையை அதே திண்ணையில் வைத்து வளர்த்ததைப் பார்த்திருக்கிறேன். கொட்டைக் கூடை எப்போதும் அஜ்ஜியின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், குழந்தைக்கு எட்டாது. காய்ந்த ஓட்டை மட்டும் முறத்தில் அள்ளி முன்னால் வைப்பாள், பக்கத்திலேயே ஒரு கண். தங்கை ஓர் ஓட்டை எடுத்து நீட்டி ஏதோ சொல்லுவாள். அஜ்ஜி கைவேலையை நிறுத்திவிட்டு வாங்கிப் பார்ப்பாள். ‘ஏனு இது?’ என்பாள். தங்கை மறுபடி ஏதோ சொல்லுவாள். ஓகோ அப்படியா என்று கன்னடத்தில் வியந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கை நின்றால் கூலி நின்றுபோகிற வேலை அது. ஆனாலும் குழந்தை கேட்டதற்கு அஜ்ஜி பதில் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை. அஜ்ஜிக்குப் படிப்பு கிடையாது. அந்தத் திண்ணையில் காசு கொடுத்து வாங்கிய பொம்மை ஒன்றுகூட இருந்ததில்லை. தங்கைக்குத் தமிழும் தவறவில்லை. பின்னால் பெங்களூரில் வேலைக்குப் போனபோது அஜ்ஜியின் கன்னடம்தான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

உங்கள் மனைவியும் நீங்களும் ஆசையாகத்தான் இதையெல்லாம் வாங்கியிருக்கிறீர்கள். ஷிப்ட் சம்பளத்தில் அந்தப் போர்டு என்ன விலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மகளுக்கு ஏதாவது குறை வைத்துவிடுவோமோ என்கிற பயத்தில் வாங்கியது அது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தில் எங்கேயும் நீங்கள் மகளோடு பேசியதாக ஒரு வரி இல்லை. நம் தகடூரை ஆண்ட அதியமானிடம் ஔவையார் சொன்ன பாட்டு ஒன்று புறநானூற்றில் 92ஆவதாக இருக்கிறது. குழந்தையின் மழலை யாழோடு சேராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் அதைக் கேட்கிற தந்தைக்கு அருள் சுரக்கும், என் பேச்சும் உனக்கு அப்படித்தான் என்கிறார். பகைவர் கோட்டைகள் பலவற்றை வென்றவன் என்று அதே பாட்டில் சொல்லப்படுகிறவன் அந்த அதியமான். அப்படிப்பட்டவனிடம் தன் பேச்சுக்கு உவமை சொல்ல அந்தக் கிழவிக்கு அகப்பட்டது தந்தை கேட்கிற மழலை. ஷிப்ட் முடிந்து வந்தால் அலுப்பாகத்தான் இருக்கும். படுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் போனை எங்காவது வைத்துவிட்டு அவளோடு தரையில் உட்காருங்கள். அவள் நீட்டுகிற மூடியை வாங்குங்கள். அவள் சொல்வது புரியாவிட்டால் என்ன, புரிந்த மாதிரி பதில் சொல்லுங்கள். தெலுங்கில் சொல்லுங்கள், தமிழில் சொல்லுங்கள், எது வாயில் வருகிறதோ அதில் சொல்லுங்கள்.

கடைசியாக, வார்த்தைக் கணக்கு. ஒரு வயது எட்டு மாதத்தில் பத்து பன்னிரண்டு வார்த்தை என்பது பதற வேண்டிய எண்ணிக்கை இல்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் இப்போதே போய்க் காட்டுங்கள். இரண்டு வயது முடிந்தும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றாலும் அப்படித்தான். எதற்கும் ஒரு முறை கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுவது நல்லது. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். குழந்தை என்னென்ன வார்த்தை பேசுகிறாள் என்று டாக்டர் கேட்பார். நீங்கள் சொன்ன பத்து பன்னிரண்டுக்கு மேலும் இருக்கும். அந்த முழுக் கணக்கு அம்மாவிடம்தான் இருக்கிறது.