"அத்தை, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க"

கேள்வி: எனக்கு 46 வயது. மதுரைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 22 வருடமாக அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 41,000 ரூபாய். என் அண்ணன் மகன் மியூச்சுவல் ஃபண்ட் விற்பனையாளர். பெண்களுக்கும் எல்லாத் தரப்பினருக்கும் இடம் தரும் கம்பெனிகள்தான் அதிக லாபம் தரும், பெரிய ஆய்வே சொல்கிறது என்று சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பார்த்துக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு ஈ.எஸ்.ஜி. ஃபண்டில் என்னைப் போட வைத்தான். அதற்காக 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 14 சதவீத வட்டி, 5 வருடம், மாதம் 13,961 ரூபாய். 9 தவணை கட்டியாயிற்று. ஃபண்டின் இன்றைய மதிப்பு 5.40 லட்சம். "இருக்கிற கடன் மேலேயே டாப்-அப் லோன் 3 லட்சம் எடுத்து, விலை இறங்கினப்பவே இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணிடலாம் அத்தை" என்கிறான். இதற்கு முன் அவன் சொல்லி மூன்று என்.எஃப்.ஓ. (புது ஃபண்ட் வெளியீடு) போட்டிருக்கிறேன். ஒன்றுக்கு எஃப்.டி.யை உடைத்தேன், ஒன்றுக்கு வளையலை அடகு வைத்தேன், அதை இன்னும் மீட்கவில்லை. மில்லில் மேனேஜர் பதவி இரண்டு முறை எனக்கு வராமல் போனது. "பொம்பளை ராத்திரி ஸ்டாக் எடுக்க நிப்பாங்களா?" என்பதுதான் காரணம். அதனாலோ என்னவோ, இந்த ஃபண்டை விற்க மனசு வரவில்லை. அவன் சொல்வது உண்மையா? டாப்-அப் எடுக்கலாமா?

பதில்: டாப்-அப் எடுக்காதீர்கள். இப்போதிருக்கும் 13,961 ரூபாயோடு இன்னொரு 7,000 சேர்ந்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும்.

உங்கள் கடிதத்தில் ஃபண்டைவிட என்னை உறுத்தியது எஃப்.டி., வளையல், பர்சனல் லோன் என்ற வரிசைதான். உங்கள் அண்ணன் மகன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு டார்கெட் இருக்கிறது, உங்களுக்குப் பாசம் இருக்கிறது. அவர் விண்ணப்பப் படிவத்தோடு வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் நீங்கள் எங்கிருந்தாவது பணம் புரட்டுகிறீர்கள். இந்தப் பழக்கம் நிற்காவிட்டால் எந்த ஃபண்டும் உங்களைக் காப்பாற்றாது.

கணக்கைப் பாருங்கள். ப்ராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொண்டால் கைக்கு வந்திருப்பது சுமார் 5.86 லட்சம். ஃபண்ட் வருடம் 12 சதவீதம் கொடுத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வோம். 5 வருடம் கழித்து அது 10.3 லட்சம். கடனே வாங்காமல் அதே 13,961 ரூபாயை மாதாமாதம் அதே ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட்டிருந்தால் சுமார் 11.2 லட்சம். ஃபண்ட் நன்றாக ஓடினாலும் உங்களுக்கு 90,000 ரூபாய் குறைகிறது. எஸ்.ஐ.பி.க்குச் சமமாக வரவேண்டும் என்றால்கூட ஃபண்ட் வருடம் 16 சதவீதம் தந்தாக வேண்டும். யாரும் அப்படி உறுதி தர முடியாது, தந்தால் நம்பக் கூடாது.

இனி அவர் சொன்ன ஆய்வு. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015, 2018, 2020 என்று வரிசையாக வெளியிட்ட அறிக்கைகளைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நிர்வாகத்தில் பெண்கள் அதிகம் உள்ள முதல் கால்பங்கு நிறுவனங்கள், கடைசிக் கால்பங்கை விட லாபத்தில் சராசரியைத் தாண்டும் வாய்ப்பு அதிகம் என்றது அது. 2015-ல் 15 சதவீதம் அதிகம் என்றார்கள், 2020-ல் 25 சதவீதம் என்றார்கள். விற்பனையாளர்கள் கையில் இருக்கும் பவர்பாயிண்டில் இந்த எண்கள் தவறாமல் இருக்கும். நிர்வாகத்தில் பல இனத்தவர் இருந்தாலும் லாபம் கூடும் என்று அதே அறிக்கைகள் சொல்லின. ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் அந்த இனக் கணக்கை, அதே முறையில், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய நிறுவனங்களில் போட்டுப் பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. இன்னொன்றையும் சுட்டினார்கள்: மெக்கின்சி எடுத்த லாபக் கணக்கு, ஆட்களை எண்ணிய தேதிக்கு முந்தைய வருடங்களுடையது. அக்கவுண்ட்ஸில் இருப்பவர் நீங்கள், உங்களுக்கு இது சட்டென்று புரியும். நல்ல லாபம் பார்த்த கம்பெனி அதற்குப் பிறகு பெண்களையும் மற்றவர்களையும் மேலே கொண்டுவந்திருக்கலாம். எது முன்னால், எது பின்னால் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

நார்வேயில் பெண்களுக்கு இடம் தருவது சட்டமாகவே வந்தது. 2003-ல் நிறைவேறி, 2008-க்குள் பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலாருக்கும் குறைந்தது 40 சதவீதம் கட்டாயம் ஆனது. அறிவிப்பு வந்தபோது, பெண் இயக்குநரே இல்லாத நிறுவனங்களின் பங்கு சுமார் 3.5 சதவீதம் இறங்கியது, மதிப்பும் பிறகு குறைந்தது என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. உடனே "பார்த்தீர்களா, நஷ்டம்" என்று ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து வேறு பொருளாதார அறிஞர்கள் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டபோது, குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. லாபம் கொட்டும் என்பவர்களுக்கும் நார்வேயில் சான்று கிடைக்காது, கம்பெனி கெட்டுப்போகும் என்பவர்களுக்கும் கிடைக்காது.

நம் நாட்டிலும் 2013 கம்பெனிச் சட்டம் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒரு பெண் இயக்குநரையாவது வைக்க வேண்டும் என்றது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொடுத்த கடைசித் தேதி 2015 ஏப்ரல் 1. அந்தத் தேதி நெருங்க நெருங்க புரமோட்டரின் (முதன்மை முதலாளியின்) மனைவி, மகள், தங்கை என்று பல நிறுவனங்களில் நாற்காலி நிரம்பியது. அதனால்தான் பின்னால் வங்கியாளர் உதய் கோட்டக் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, குடும்பத்தைச் சேராத சுயேச்சைப் பெண் இயக்குநர் வேண்டும் என்று செபி விதியை இறுக்கியது. முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல், 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரல். போர்டில் எத்தனை பெண்கள் என்று எண்ணி மட்டும் பங்கு வாங்குகிறவர் எதை எண்ணுகிறார் என்பது இதிலிருந்து தெரியும்.

நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா எலக்ட்ரிக் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். எனக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். அதே மாதம் 157 வரை போனது, சில மாதத்தில் வெளியீட்டு விலைக்குக் கீழே வந்துவிட்டது. சர்வீஸ் புகார்களும் டிவிஎஸ், பஜாஜ் போட்டியும்தான் பேசப்பட்டன. வண்டியைப் பூட்டியது பெண்கள் என்பது விலையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது. அது இருக்கும் இடம் வேறு. திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளி, ஆள் வராமல் நிற்கும் மெஷின்களைக் கோடு போட்ட நோட்டில் தினமும் குறித்து வைப்பார். கம்பெனி வேன் விட்டு, பிள்ளைகளுக்கு ஓர் அறையும் ஆயாவும் ஏற்பாடு செய்த பிறகு அந்த நோட்டில் எழுத்துக் குறைந்தது. பழகிய டெய்லர் போய் புது ஆள் வந்து கை பழக எத்தனை நாள், எத்தனை பீஸ் ரிஜெக்ட் என்று அவருக்குத் தெரியும். டி.சி.எஸ். தன் 2022-23 ஆண்டறிக்கையில், வழக்கத்துக்கு மாறாக ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விலகினார்கள் என்று எழுதியது. வீட்டிலிருந்து வேலை முடிவுக்கு வந்த நேரம் அது. பயிற்சி கொடுத்த ஆளை இழப்பது செலவுதான், பங்குதாரர் பணம்தான்.

இதை நீங்களே பார்க்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தரவேண்டும். அதில் பிரசவ விடுப்பு முடிந்து எத்தனை பேர் திரும்பினார்கள், 12 மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆண் பெண் நடுநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு, பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை என்று வரிசையாக இருக்கும். பிறகு உங்கள் ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டை (மாத விவர அறிக்கையை) எடுத்து முதல் பத்துப் பங்குகளை, நிஃப்டி பட்டியலை அப்படியே வாங்கும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டின் பத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஜி. ஃபண்டுகளில் பெரும்பாலும் அதே வங்கிகள், அதே ஐ.டி. நிறுவனங்கள்தான். விற்பனையாளர் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளானில் வருடம் 2 சதவீதம் போல் செலவு, கமிஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் இண்டெக்ஸ் ஃபண்டில் 0.2 போல். உங்கள் தொகைக்கு இந்த வித்தியாசம் வருடம் 10,000 ரூபாய்.

உங்களுக்கு மேனேஜர் பதவி தராதது அநியாயம். லாபம் கூடினாலும் கூடாவிட்டாலும் அது அநியாயம்தான், அதை நிரூபிக்க எந்த ஆய்வும் வேண்டாம். அந்த வலியைத் தொட்டு விற்கப்பட்ட ஃபண்ட் இது, அதனால்தான் விற்க மனசு வரவில்லை. நீங்கள் யூனிட்டை விற்றால் எந்தக் கம்பெனியிலும் எந்தப் பெண்ணின் வேலையும் போகாது.

ஆகவே விற்றுவிடுங்கள். ஒரு வருடம் ஆகாததால் எக்ஸிட் லோடு என்ற விலகல் கட்டணம் 1 சதவீதம் போனால் கைக்கு 5.35 லட்சம் வரும். கடன் பாக்கி ஏறக்குறைய 5.34 லட்சம். முன்கூட்டி அடைக்க 3 சதவீதமும் ஜி.எஸ்.டி.யும் கேட்டால் 19,000 ரூபாய் துண்டு விழும், அதைச் சேமிப்பிலிருந்து போடுங்கள். மீதி 51 தவணையில் கட்டவிருந்த வட்டி சுமார் 1.78 லட்சம் மிச்சம். எக்ஸிட் லோடு 5,400 ரூபாயைத் தவிர்க்க மூன்று மாதம் காத்திருந்தால் அதற்குள் வட்டியே 18,000 தாண்டும். 12 தவணைக்கு முன் அடைக்க விடமாட்டோம் என்று சில வங்கிகள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அதை முதலில் படியுங்கள். அப்படி இருந்தாலும் இப்போதே விற்று, 12-வது தவணை வரை தொகையை ஏற்ற இறக்கம் மிகக் குறைந்த லிக்விட் ஃபண்டில் வையுங்கள். சுமார் 51,000 ரூபாய் குறுகிய கால நஷ்டம் வரும், வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், பின்னால் வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ள 8 வருடம் வரை முன்னெடுத்துச் செல்லலாம்.

கடன் முடிந்ததும் அந்த 13,961 ரூபாயில் முதலில் வளையலை மீட்டுவிடுங்கள். பிறகு அதே தொகையை இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. ஆக்குங்கள்.

அண்ணன் மகனிடம் சண்டை வேண்டாம். "இனிமே எதுவா இருந்தாலும் 30 நாள் கழிச்சுத்தான் கையெழுத்து போடுவேன், கடன் வாங்கிப் போட மாட்டேன்பா" என்று சொல்லுங்கள். என்.எஃப்.ஓ. 15 நாளுக்கு மேல் திறந்திருக்காது. அது உண்மையிலேயே நல்ல ஃபண்ட் என்றால், மூடிய பிறகு வழக்கமான விற்பனைக்கு வரும்போது அவர் மூலமாகவே வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் கடனை அடைத்ததும் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. கேட்டு வாங்குங்கள், இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.