தம்பிக்குப் போட்ட ஊசியும் ஆத்தாவின் கோபமும்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 47. என் தம்பிக்கு 2021 மே மாதம் கொரோனா வந்தது. காரைக்குடியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தான். அந்த செப்டம்பர் 12-ஆம் தேதி மெகா முகாம் நடந்தபோது, வர மாட்டேன் என்றவனை நான்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் கோவிஷீல்டு போட வைத்தேன். ரெண்டு நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. டிசம்பரில் ரெண்டாவது டோஸ் போட்டபோது கை வலி மட்டும்தான். 2022 அக்டோபரில் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். 42 வயது. அப்பாவும் 51 வயதில் இப்படித்தான் திடீரென்று போனார். கோவிஷீல்டால் ரத்தம் உறையலாம் என்று 2024-இல் லண்டன் கோர்ட்டில் அதை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா கம்பெனியே ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததிலிருந்து ஆத்தா, "நீயில்ல கூட்டிட்டுப் போயி ஊசி போட வச்ச" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனும், "ஊசி போட்டா இதயம் வீங்கும்னு இங்க அப்பவே சொன்னாங்களே" என்கிறான். ஆத்தாவுக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார். "என்னையும் அனுப்பப் பாக்குறியா?" என்று கேட்கிறது. தம்பியை நான்தான் கொன்றேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் கொல்லவில்லை. உங்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல வருடம் அரசு சுகாதார நிலையங்களில் நர்ஸாக இருந்தவள் நான். நீங்கள் எழுதிய தேதிகளையும் விவரங்களையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் காய்ச்சலிலிருந்து தொடங்குவோம். ஆத்தா கண்ணால் பார்த்தது அதைத்தான், அவர் மனதில் நிற்பதும் அதுதான். கோவிஷீல்டு போட்டவர்களுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி வந்தது நிஜம். எனக்கே முதல் டோஸ் போட்ட அன்று ராத்திரி பல் தந்தியடித்தது. மறுநாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரு பாராசிட்டமால், ரசம் சோறு, நல்ல தூக்கம், அதோடு தீர்ந்தது. என்னோடு வந்து போட்டுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே செய்யவில்லை, சாயங்காலம் சந்தைக்குப் போய் வந்தார். இந்தத் தடுப்பூசியில் முதல் டோஸில்தான் தொந்தரவு அதிகம். இரண்டாவது டோஸில் குறையும், வயதானவர்களுக்கு இன்னும் குறையும். முன்பே கொரோனா வந்து போனவர்களுக்கு முதல் டோஸ் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். உடம்பு அந்தக் கிருமியை ஒருமுறை பார்த்திருக்கிறது, ஆகவே இரண்டாம் முறை உடனே எதிர்த்துக் கிளம்புகிறது. உங்கள் தம்பிக்கு நான்கு மாதம் முன்னால்தான் கொரோனா வந்திருந்தது. முதல் டோஸில் கொதித்ததும், இரண்டாவதில் கை வலியோடு போனதும் இதற்கு அப்படியே பொருந்துகிறது. அந்தக் காய்ச்சல் எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போகவில்லை. அவன் டிசம்பரில் எழுந்து நடமாடி இரண்டாவது டோஸும் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்ல வேண்டும். கூட்டம் நெரிந்த முகாம்களில் பல பேரிடம் "ஒண்ணும் செய்யாது, போட்டுக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம், வந்தால் இந்த மாத்திரை, மூன்றாம் நாளும் விடாவிட்டால் இங்கே வாருங்கள் என்று ஒரு நிமிடம் நின்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாது என்று சொன்ன ஊசி, ராத்திரி முழுக்கப் பிள்ளையைப் போட்டு உலுக்கினால் ஒரு தாய் அதற்கப்புறம் எதை நம்புவார்? ஊர்களில் இன்னொரு பேச்சும் இருந்தது, காய்ச்சல் வந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று. அதுவும் சரியில்லை. ஒன்றுமே செய்யாதவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி வரத்தான் செய்தது.

சரி, லண்டன் செய்திக்கு வருவோம். ரத்தம் உறையும், அதே சமயம் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும், இப்படி ஒரு அரிய பாதிப்பு இந்தத் தடுப்பூசியால் வரக்கூடும் என்பது உண்மைதான். அது 2024-இல் புதிதாக வெளிவந்த ரகசியம் கிடையாது. 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்து, மருந்துத் தாளிலும் சேர்த்தாயிற்று. நம் நாட்டிலும் தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு 2021 மே மாதம் கணக்குச் சொன்னது: ரத்தம் உறைந்திருக்கலாம் என்று கருதப்பட்டவை பத்து லட்சம் டோஸுக்கு 0.61. கோர்ட்டில் கம்பெனி எழுதிக் கொடுத்ததும் இதே அரிய பாதிப்பைத்தான். மூன்று வருடம் கழித்து அது தலைப்புச் செய்தியாக வந்தபோது, கோவிஷீல்டு போட்ட எல்லோர் உடம்பிலும் என்னமோ ஒளிந்திருப்பதுபோல் ஊரெல்லாம் கிலி பிடித்தது. அந்த வாரம் என்னிடம் வந்து, இப்போது என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

அந்தப் பாதிப்புக்கு ஒரு காலக்கெடு உண்டு. பெரும்பாலும் முதல் டோஸுக்குப் பிறகு, ஏறக்குறைய 4 நாளிலிருந்து 42 நாளுக்குள் வரும். விடாத கடும் தலைவலி, வயிற்று வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சு வாங்குவது, ஊசி போட்ட இடத்தைத் தாண்டித் தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று அறிகுறி காட்டும். உங்கள் தம்பி போனது இரண்டாவது டோஸ் போட்டுப் பத்து மாதம் கழித்து. அந்த நோயின் நேரமும் இது இல்லை, முகமும் இது இல்லை.

சிங்கப்பூர்த் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது வேறு ஊசியைப் பற்றி. அங்கே பெரும்பாலும் போட்டது ஃபைசரும் மாடர்னாவும். அவற்றில் இளவயது ஆண்களுக்கு, முக்கியமாக இரண்டாவது டோஸ் போட்ட சில நாளுக்குள், இதயத் தசை வீக்கம் அபூர்வமாக வந்தது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். ஊசிக்குப் பிறகு கொஞ்ச நாள் ஓட்டம், ஜிம் போன்ற கடும் உடற்பயிற்சி வேண்டாம் என்று சிங்கப்பூர் அரசே சொன்னது. நம் ஊர் முகாம்களில் போட்டது கோவிஷீல்டும் கோவேக்சினும். கோவிஷீல்டு, சிம்பன்சிக் குரங்குக்குச் சளிப் பிடிக்க வைக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி மாற்றிச் செய்தது. கோவேக்சின், கொரோனா வைரஸையே செயலிழக்க வைத்துச் செய்தது. செட்டிநாட்டில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒரு சொந்தம் இல்லாத வீடு எது? அந்த ரெண்டு வருடமும் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வந்த குரல்தான் இங்கே பல வீடுகளில் டாக்டராக இருந்தது. அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் அங்கே ஒரு ஊசிக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கே வேறு ஊசியின் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது கொஞ்சம் கனமான பகுதி. சின்ன வயதில் திடீரென்று இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டது. நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகள். 18 முதல் 45 வயதுக்குள், நன்றாக இருந்து 2021 அக்டோபரிலிருந்து 2023 மார்ச்சுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே பகுதியில் அதே வயதில் உயிரோடு இருக்கும் 2916 பேர். தடுப்பூசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை என்று வந்தவை: கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பது, குடும்பத்தில் முன்பே திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்தது, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்தில் கடும் உடற்பயிற்சி.

உங்கள் தம்பியின் வயதும் அவன் போன மாதமும் அந்த ஆய்வின் எல்லைக்குள்தான் வருகின்றன. ஆபத்தைக் கூட்டியவற்றில் முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன, மே மாதம் வைத்த ஆக்சிஜனும் 51 வயதில் போன அப்பாவும். பிரேதப் பரிசோதனை இல்லாமல் ஒரு தனி மனிதனுக்கு இதுதான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகம் போக வேண்டிய திசை அந்தப் பள்ளிக்கூட முகாம் இல்லை. கொரோனாவின் கடுமையான தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கு அதற்கப்புறமும் பல மாதம் மாரடைப்பு ஆபத்து கூடுதலாகவே இருந்தது. அப்படி ஒருமுறை மூச்சுக்குத் தவித்தவனுக்கு அது மறுபடி வந்துவிடக்கூடாது என்றுதான் நீங்கள் கூட்டிப்போனீர்கள். தேறி மூன்று மாதம் ஆன பிறகு போடலாம் என்பது அன்றைய வழிகாட்டுதல், அதன்படியும் நேரம் சரிதான். அந்த வருடம் ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட மறுநாள் மயங்கி விழுந்து, அதற்கு மறுநாள் இறந்துபோனார். அதற்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு அக்டோபரில்தான் சொல்லி முடித்தது. ஆகவே செப்டம்பரில் உங்கள் தம்பி பயந்ததிலும் தப்பில்லை, நீங்கள் வற்புறுத்தியதிலும் தப்பில்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஆத்தாவிடம் ஒப்பிக்காதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் 729 பேர் கணக்கு எடுபடாது. அவர் ஊசியைச் சொல்லும்போது மறுத்துப் பேசாமல், "ஆமா ஆத்தா, அந்த ரெண்டு நாள் காய்ச்சல்ல ரொம்பக் கஷ்டப்பட்டான்" என்று அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் பழியையும் ஏற்றதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஈரத்துணி வைத்ததையும் கஞ்சி கொடுத்ததையும் அவர் சொல்லட்டும், நடுவில் பேசாதீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதில் ஒரு உரிமை இருக்கிறது. வெளியில் யாரிடமும் காட்ட முடியாததை மகளிடம் காட்டுகிறார். அதற்காகக் காலம் முழுக்க நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு நாள், சொந்தபந்தம் கூடும் தெவசத்து அன்று வேண்டாம், வேறொரு சாதாரண நாளில், "ஆத்தா, நானும் அவனை இழந்துட்டுத்தான் நிக்கிறேன். நீ இப்படிச் சொல்றப்ப எனக்குத் தாங்கல" என்று அழுகை வந்தாலும் சொல்லிவிடுங்கள். மருத்துவ விளக்கத்தை, தம்பியை கொரோனாவில் பார்த்த டாக்டரோ ஆத்தாவுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரோ சொல்லட்டும். உங்கள் வாயால் சொன்னால் தற்காப்பாகத்தான் அவர் காதில் விழும்.

ஃப்ளூ ஊசி விஷயம் சுலபம். சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியாவாக முற்றும் வாய்ப்பு அதிகம், ஆகவே டாக்டர் சொன்னது சரியான யோசனை. வழக்கமாகப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் ஃப்ளூ வராது. ஒன்றிரண்டு நாள் கை வலி, சிலருக்கு லேசான காய்ச்சல், அவ்வளவுதான் வழக்கம். வருடா வருடம் போட வேண்டும். இதை முன்கூட்டியே ஆத்தாவிடம் சொல்லி வையுங்கள். முட்டையாலோ முந்தைய ஊசியாலோ கடும் அலர்ஜி வந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். ஆனால் ஒன்று, இந்த முறை நீங்கள் வற்புறுத்த வேண்டாம். டாக்டர் சொல்லட்டும், ஆத்தா கேட்க வேண்டியதைக் கேட்கட்டும், வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும். இந்த வருடம் வேண்டாம் என்றால் அடுத்த வருடம் கேட்டுக்கொள்ளலாம். மறுபடி ஒரு ஊசியின் பொறுப்பை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விட அவசரமாகப் படுகிறது. அப்பா 51, தம்பி 42. நீங்களும் அதே ரத்தம், தம்பிக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈ.சி.ஜி., டாக்டர் சொன்னால் எக்கோ, இவற்றை எல்லோரும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தாலும் குடும்ப வரலாற்றை டாக்டரிடம் சொல்லி, எந்த வயதில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், வீட்டில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டப்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊருக்கு எந்த நிலையம் பக்கம், ராத்திரியில் அங்கே யார் இருப்பார்கள் என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். பரிசோதனை முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.