சின்னத் தோட்டப்புறச் சபையில் எந்த ஊழியத்தை முதலில் வைப்பது?

"60 பேர் வரும் மெதடிஸ்ட் சபை. வருஷம் முழுக்க நிகழ்ச்சி, ஆனால் கனி இல்லை. எதை முதலில் வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இதே மாதிரி ஒரு சபையில் எட்டு வருஷமாக நான் பொருளாளர். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஜனவரியில் நிர்வாகக் குழு கூடி, காலண்டரை மேசையில் விரித்தோம். ஆண்டு விழா, அறுப்பின் பண்டிகை, வாலிபர் முகாம், கேரல் சுற்று என்று 19 நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்யப்போகிறவர் பேரை எழுதச் சொன்னார் போதகர் ஐயா. எழுதிப் பார்த்தால் மொத்தமே ஆறு பேர். ஒரு அக்கா பேர் மட்டும் பதினோரு தடவை. அவருக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். யாரும் எதுவும் பேசவில்லை.

அந்த வருஷம் சபை வேனுக்குத் தவணை வேறு, ஆளுக்கு மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்). பாக்கி வைத்தவர்கள் வீட்டுக்கு மோட்டாரில் போனேன். வசூலுக்குத்தான் போனேன், பக்தியில் ஒன்றுமில்லை. செம்பனைக்கு நடுவே மிச்சமிருக்கும் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு பாட்டி, பால் டின்னிலிருந்து சுருட்டி வைத்த மூன்று 5 வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். காலில் ஆறாத சர்க்கரைப் புண். வேன் நிற்கும் முச்சந்தி வரை அவரால் நடக்க முடியாது. நாங்களோ மூன்று மாதமாக அவரைப் 'பின்வாங்கிப்போனவர்' என்று பேசிக்கொண்டிருந்தோம். அடுத்து ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) ஃபிளாட். அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், மகன் படிவம் மூன்றோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளியை விட்டிருந்தான்.

இதைச் சொன்னதும் போதகர் ஐயா சிரித்துவிட்டார். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள் ஆராதனைக் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று தீர்மானித்தார்களாம். ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி வந்தபோது கேப்டன் ஃபோய் என்பவர், பதினோரு ஏழைகளைத் தன் பொறுப்பில் விடும்படியும் அவர்களால் முடியாததைத் தானே போடுவதாகவும் சொன்னார். அப்படி வசூலுக்குப் போனவர்கள்தான் எந்த வீட்டில் என்ன சங்கடம் என்று மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்திய ஜான் வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். ஒரு தலைவரின் கீழ் சிறு குழுவாகக் கூடும் மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்தது அங்கேதான்.

நாங்களும் சபையை ஐந்து குழுவாகப் பிரித்தோம். குழுவுக்கு ஒரு தலைவர், அவரிடம் ஒரு நோட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகளுக்கு மலாயும் கணக்கும். 19 நிகழ்ச்சி எட்டானது. ஆண்டு விழாவுக்குக் கூடாரம் போடுவதை நிறுத்தியதில் இரண்டு பெரியவர்கள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் பெண்களின் புதன் ஜெபத்தையும் சேர்த்து வெட்டினோமே, அது தப்பு. வயதான அம்மாக்களுக்கு வாரத்தில் வெளியே வர அது ஒன்றுதான் இருந்தது. நாலு மாதம் கழித்துத் திரும்ப ஆரம்பித்தபோது பதினொரு பேரில் ஏழு பேர்தான் வந்தார்கள்.

இன்னொன்று. எதைத் தீர்மானித்தாலும் போதகர் தலையில் கட்டாதீர்கள். நம் மெதடிஸ்ட் சபையில் ஆண்டு மாநாட்டில் வேறு இடத்துக்கு நியமனம் வாசித்துவிட்டால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்கள் ஐயாவும் போய்விட்டார். புதியவர் வந்த வாரமே ஐந்து நோட்டையும் அவர் கையில் கொடுத்தோம்.

வேன் தவணை முடிந்து இரண்டு வருஷமாகிறது. பாட்டி மட்டும் இன்னும் டின்னில் 5 வெள்ளி போட்டு வைக்கிறார். வேண்டாம் பாட்டி என்றால், "காசு வாங்கலேன்னா நீ வரமாட்டப்பா" என்கிறார்.