பாறைக் குட்டையில் மீனைக் காணோம், வானம்தான் தெரிகிறது

கேள்வி: கடலோரப் பாறைக் குட்டைகளைப் படமெடுக்க நண்பர்களுடன் ஒரு ஞாயிறு விடியற்காலையில் போனேன். பாதிப் பாறைகள் நீருக்குள் இருந்தன. அகப்பட்ட குட்டைகளை எடுத்த படங்களிலும் மீனுக்குப் பதில் வானம்தான் பளபளக்கிறது. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை லென்ஸில் மாட்டியும் பயனில்லை. தவறு எங்கே?

பதில்: நீங்கள் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் குறித்தீர்கள், கடலோ நிலவின் கணக்கில் ஏறி இறங்குகிறது. பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இருமுறை நீர் வற்றும். அந்த நேரம் மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான் நீர் மிகவும் கீழிறங்கி, மற்ற நாள்களில் மூழ்கியே கிடக்கும் குட்டைகளும் வெளிப்படும். ஆகவே கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுமையாக வற்றுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். முதலில் மெல்ல ஏறும் நீர், மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் மொத்த ஏற்றத்தில் ஏறத்தாழப் பாதி அளவு ஏறிவிடும். கேமராவில் கண்ணை வைத்திருப்பவருக்கு அது தெரியாது.

போலரைசர்மேல் பழியில்லை. நீங்கள் நின்றபடி நேர்கீழே பார்த்து எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் கோணத்தில் அது ஒன்றும் செய்யாது. மண்டியிட்டு, நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்த்தபடி ஃபில்டரின் வளையத்தைத் திருப்பினால், ஓரிடத்தில் வானம் சட்டென்று கரைந்து அடிமணல் தெரியும். நேர்மேலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால், நண்பரிடம் கறுப்புக் குடையொன்றைக் கொடுத்துக் குட்டைக்கு மேல் பிடிக்கச் சொல்லுங்கள். வானத்துக்குப் பதில் கறுப்புத் துணி பிரதிபலிப்பதால் நீர் தெளிந்துவிடும். வேடிக்கையாகத் தோன்றினாலும் விலையுயர்ந்த கருவி எதையும்விட இந்தக் குடையையே நான் நம்புகிறேன்.

நிழல் விழுந்ததும் மீன்கள் இடுக்குக்குள் போய்விடும். சில நிமிடம் அசையாமலிருந்தால், வெறும் சங்கென்று நினைத்தது முதலில் உணர்கொம்பையும் பிறகு கால்களையும் நீட்டி, துறவி நண்டாக நடக்கத் தொடங்கும். பாறையில் ஒட்டிக்கொண்டு நீருக்குள்ளிருக்கும் ஓடுள்ள சிற்றுயிர்களான கொட்டலசுகள் மூடியைத் திறந்து, இறகு போன்ற கால்களால் நீரைத் துழாவி இரை பிடிப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அந்த அசைவு வேகமானது. ஷட்டர் வேகம் நொடியில் 250-ல் ஒரு பங்காவது இருக்கட்டும். போலரைசர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை விழுங்கிவிடும் என்பதால், கேமராவின் ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓ-வை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளுங்கள்.